காஸ்பல் என்றால் என்ன? சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் கிதாரிலிருந்து தொடங்குவோம்

காஸ்பல் இசை என்றதும் பெரும்பாலானவர்கள் மனதில் வருவது நீள அங்கி போட்ட ஒரு பாடகர் குழுதான். கைதட்டிக்கொண்டே இடமும் வலமுமாக அசையும் கூட்டம், பக்கத்தில் ஒரு ஆர்கன், முன்னால் உருகிப் பாடும் ஒருவர். தப்பான படம் இல்லை அது. யூடியூபில் அப்படி ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சி இருக்கிறது, 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. பின்னால் அங்கி போட்ட குழு, எல்லாம் நாம் எதிர்பார்க்கிற மாதிரியே. ஆனால் முன்னால் நிற்கும் நடுத்தர வயதுப் பெண்ணின் தோளில் ஒரு வெள்ளை நிற கிப்சன் மின்சார கிதார் தொங்குகிறது, பாட்டின் நடுவில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டு அந்தக் கிதாரில் ஒரு தனி ஆவர்த்தனம் போடுகிறார், அதைக் கேட்டால் ராக் இசையை யார் கண்டுபிடித்தார்கள் என்று நாம் இதுவரை படித்ததெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். காஸ்பல் எங்கிருந்து வந்தது, கறுப்பின மக்களின் உலக வாழ்க்கைத் துயரத்தைப் பாடும் ப்ளூஸ் இசைக்கும் அதற்கும் என்ன தகராறு, ராக் அண்ட் ரோலுக்குள் அது எப்படி நுழைந்தது, இந்த மூன்றையும் ஒரே ஆளின் வாழ்க்கையை வைத்து விளக்கலாம் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். இசைக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கைதட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். காஸ்பல் என்றால் நற்செய்தி, சுவிசேஷம். அப்படியானால் இயேசுவைப் பற்றிய எல்லாப் பாட்டும் காஸ்பல்தானே என்று கேட்கலாம். பொதுப் பேச்சில் அப்படியும் சொல்கிறார்கள். ஆனால் இசை உலகில் காஸ்பல் என்றால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகளில் உருவான ஒரு குறிப்பிட்ட இசை வகை. அதற்கு முன்னால் அவர்களிடம் ஸ்பிரிச்சுவல் என்ற பாட்டுகள் இருந்தன. அடிமைகளாக இருந்த காலத்தில் வயலிலும் இரவுக் கூட்டங்களிலும் பாடியவை, யார் எழுதியது என்று பெயர் கிடையாது, எல்லாருக்கும் சொந்தம். 1871இல் ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் என்ற மாணவர் குழு, தங்கள் கல்லூரிக்குப் பணம் திரட்ட நாஷ்வில்லிலிருந்து கிளம்பி ஊர் ஊராகப் போய் இந்தப் பாட்டுகளை மேடையில் பாடியபோதுதான் வெளியுலகம் இவற்றைக் கேட்டது. காஸ்பல் அதற்கு அடுத்த தலைமுறை. இதற்குப் பெயர் தெரிந்த பாடலாசிரியர்கள் உண்டு, தாள்களில் அச்சிட்டு விற்பார்கள், பியானோவும் கிதாரும் தம்புரீனும் கூடவே வரும், முக்கியமாக நகரத்தின் சத்தம் அதில் இருக்கும்.

நகரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க், பிலடெல்ஃபியா என்று வெளியேறினார்கள். பருத்திக் காட்டு வேலையிலிருந்தும், நிறவெறிச் சட்டங்களிலிருந்தும், அடித்துக் கொல்லும் கும்பல்களிலிருந்தும் தப்பி வந்தவர்கள். வந்த இடத்தில் இருந்த பெரிய சபைகள் அமைதியாக, ஒழுங்காக, வெள்ளையர் பாணியில் ஆராதனை நடத்தின. ஊரில் கைதட்டி அழுது பாடிப் பழகியவர்களுக்கு அது போதவில்லை.

இந்த இடத்தில் தாமஸ் டார்சி என்பவரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போதகர் ஒருவரின் மகன். ஆனால் ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார், மா ரெய்னி என்ற பெரிய ப்ளூஸ் பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர், கொச்சையான இரட்டை அர்த்தப் பாட்டுகளும் பதிவு செய்தவர். 1932இல் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார், பிறந்த குழந்தையும் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்'. என் கையைப் பிடித்துக்கொள் ஆண்டவரே என்ற மன்றாட்டு. டார்சி செய்த காரியம் என்னவென்றால், ப்ளூஸில் தான் பழகிய தாளத்தையும் சுர வளைவுகளையும் அப்படியே எடுத்து ஜெபத்துக்குக் கொடுத்தார். முதலில் பல சபைகள் அவரை உள்ளே விடவில்லை, சாராயக்கடைச் சத்தம் இங்கே வேண்டாம் என்றார்கள். கொஞ்ச வருடங்களில் அவர் பாட்டு இல்லாத சபை இல்லை என்ற நிலை வந்தது. காஸ்பலின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள்.

காதில் காஸ்பலை எப்படி அடையாளம் காண்பது? மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, நம் பஜனை மாதிரி, ஒருவர் ஒரு வரி பாட மற்றவர்கள் பதில் சொல்வது. திருப்பிப் பாடுவது மட்டுமில்லை, பதில் சொல்வது, ஆமோதிப்பது, தூண்டிவிடுவது. இரண்டாவது கைதட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள், தட்டு இரண்டிலும் நான்கிலும் விழும். ஒன்றில் தட்டிப் பழகிய கைக்கு முதலில் கஷ்டமாக இருக்கும், பழகிவிட்டால் உடம்பு தானாக அசையும். பின்னால் ராக் அண்ட் ரோலில் டிரம்ஸ் விழுந்ததும் இதே இடத்தில்தான். மூன்றாவது சுரம். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் குரல் போய் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருக்கும், அதை ப்ளூ நோட் என்பார்கள். ப்ளூஸிலும் இதேதான், காஸ்பலிலும் இதேதான். சுரத்தில் வித்தியாசம் கிடையாது, யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரொசெட்டாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

1915 மார்ச் 20ஆம் தேதி ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். பெயரே பருத்திச் செடி, ஊரும் அப்படித்தான். அம்மா கேட்டி பெல் நூபின் பாடுவார், மாண்டலின் வாசிப்பார், எல்லாவற்றுக்கும் மேலாக நற்செய்தி சொல்லும் ஊழியக்காரி. அவர்கள் சேர்ந்திருந்தது சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே சபை. அதை நிறுவிய சார்ல்ஸ் மேசன் 1907இல் லாஸ் ஏஞ்சலிஸில் அசூசா தெருவில் நடந்த புகழ்பெற்ற எழுப்புதல் கூட்டங்களுக்குப் போய் வந்தவர். மற்ற சபைகள் கிதாரையும் டிரம்ஸையும் பிசாசின் வாத்தியம் என்று ஒதுக்கிய காலத்தில், இந்தச் சபை 150ஆம் சங்கீதத்தில் யாழும் தாளமும் நடனமும் சொல்லியிருக்கிறதே என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. பெண்களுக்குப் போதகர் பட்டம் கொடுக்காது, ஆனால் பெண்கள் எழுந்து நின்று உபதேசிக்கலாம், பாடலாம், சாட்சி சொல்லலாம், ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்யலாம். இந்த இரண்டு கதவும் திறந்திருக்காவிட்டால் ரொசெட்டா கையில் கிதார் வந்திருக்கவே வந்திருக்காது.

நாலு வயதிலேயே அம்மாவோடு சபையில் பாடினார். ஆறு வயதில் கிதாரும் பாட்டுமாக, குட்டி அதிசயம் என்று விளம்பரம் செய்யும் அளவுக்குக் கூட்டம் சேர்த்தார். 1920களில் அம்மாவும் மகளும் சிகாகோவுக்குப் போனார்கள், அங்கே 40ஆவது தெருவில் இருந்த சபைதான் இவர்களுக்கு வீடு. சிகாகோவின் தெருக்களில் ப்ளூஸ், ஜாஸ் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் ஆராதனை. அந்த ஊரில் வளரும் ஒரு பெண்ணின் காது எதை எடுக்கும், எதை விடும்?

அவர் வாசித்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவரை வெறும் பாடகி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கூட்டத்தின் சத்தத்துக்கு மேல் கிதார் கேட்க வேண்டுமே, அதற்காக உள்ளே உலோகக் கூம்பு வைத்த எஃகு உடம்பு கிதார்கள் வந்தன, ஆரம்பத்தில் அவர் வைத்திருந்தது அந்த வகை. தந்திகளை வழக்கமான சுருதியில் வைக்காமல், ஒன்றையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு முழு கார்டு, அதாவது இசைந்த சுரங்களின் கூட்டு, ஒலிக்கும்படி சுருதி சேர்ப்பார், தென் மாநிலப் பழக்கம் அது. கட்டை விரல் அடித் தந்திகளில் தாளம் பிடித்துக்கொண்டே இருக்கும், மற்ற விரல்கள் மேல் தந்திகளில் தனித் தனிச் சுரங்களாகப் பேசும். ஒரு வரி பாடுவார், கிதார் பதில் சொல்லும். அடுத்த வரி, அடுத்த பதில். சபையில் நூறு பேர் சேர்ந்து செய்கிற வேலையை ஆறு தந்தி செய்தது. அவரை முதன்முதலில் கேட்டபோது கிதார் தனியாக வருகிற இடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன், பல மாதம் கழித்துத்தான் பாடும்போதும் அந்தக் கிதார் ஓயவே இல்லை என்று உறைத்தது.

1934இல், 19 வயதில், அதே சபையின் போதகர் தாமஸ் தோர்ப் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. ஆனால் தோர்ப் என்ற குடும்பப் பெயர் கொஞ்சம் திரிந்து தார்ப் ஆகி அவரோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது 1938. இந்த ஒரு வருடத்தில் நடந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கணவரை விட்டுவிட்டு அம்மாவோடு நியூயார்க் வந்தார். அக்டோபரில் காட்டன் கிளப் மேடையில் ஏறினார். மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், எதிரே மேசைகளில் பணக்கார வெள்ளையர்கள், மது, நடனம், அரைகுறை உடையில் ஆடும் பெண்கள், அப்படிப்பட்ட இடம். அங்கே போய் ஆண்டவரைப் பற்றிப் பாடினார். அதே மாதம் 31ஆம் தேதி டெக்கா நிறுவனத்துக்காக நான்கு பாட்டுகள் பதிவு செய்தார், டெக்கா வெளியிட்ட முதல் காஸ்பல் பாட்டுகள் என்று அவற்றைச் சொல்வார்கள். அதில் ஒன்று 'ராக் மீ', நம் தாமஸ் டார்சி எழுதிய பாட்டைத்தான் வரிகளில் கொஞ்சம் மாற்றிப் பாடினார். சபையில் 'ராக்' என்ற சொல்லுக்குத் தொட்டிலில் ஆட்டுவது, மடியில் வைத்துத் தாலாட்டுவது என்று பொருள். இரவு விடுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் காதில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. டிசம்பர் 23ஆம் தேதி கார்னகி அரங்கத்தில், கறுப்பின இசையின் வரலாற்றையே ஒரு மாலையில் காட்ட வேண்டும் என்று ஜான் ஹாமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியிலும் பாடினார். ஆக, மூன்றே மாதத்தில் இரவு விடுதி, இசைத்தட்டு, நாட்டின் மிகப் பெரிய கச்சேரி மேடை. வயது 23.

சபை கொதித்தது. அந்தக் கோபத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும், பழமைவாதம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடக் கூடாது. பெந்தெகொஸ்தே சபைகளில் நம் ஊரிலும் 'உலகப் பாட்டு' என்று ஒரு சொல் உண்டு, பரிசுத்தமானது ஒரு பக்கம், உலகத்துக்குரியது மறுபக்கம். அந்த மக்களுக்கு வாரம் முழுக்க வெள்ளையர் வீட்டில் கூலி வேலை, அவமானம், ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்தில்தான் அவர்கள் மனிதர்களாக நிமிர்ந்து நின்றார்கள். அங்கே கண்ணீரோடு பாடிய பாட்டை, தங்களை வாசலில்கூட விடாத விடுதியில், குடித்துக்கொண்டு கேட்பவர்கள் முன்னால் தங்கள் பிள்ளையே போய்ப் பாடினால் வலிக்காமல் என்ன செய்யும்? அதே சமயம் ரொசெட்டாவின் பக்கமும் எனக்குப் புரிகிறது. நற்செய்தியை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமே சொல்லிக்கொண்டிருப்பதா? பாவிகள் இருக்கும் இடத்துக்குப் போவதுதானே ஊழியம்? பணமும் புகழும் அவருக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மைதான். இவை எல்லாமே ஒரே ஆளுக்குள் இருந்தன.

1941இல் லக்கி மில்லிண்டரின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார். அங்கே காஸ்பலோடு 'டால் ஸ்கின்னி பாப்பா' மாதிரியான பாட்டுகளும் பாட வேண்டியிருந்தது. உயரமாக ஒல்லியாக ஒரு ஆம்பளை வேண்டும் என்கிற பாட்டு, அதைச் சபைக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் குழுவை விட்டு விலகித் தன் பாட்டுக்கே திரும்பிவிட்டார். போர்க்காலத்தில் வெளிநாட்டில் இருந்த ராணுவ வீரர்களுக்காக வெளியிட்ட வி-டிஸ்க் தட்டுகளில் இடம்பெற்ற மிகச் சில காஸ்பல் கலைஞர்களில் இவர் ஒருவர்.

அப்புறம் 1944. சாமி பிரைஸ் பியானோ, கூடவே பேஸ், டிரம்ஸ், ரொசெட்டாவின் மின்சார கிதார், அவ்வளவுதான் குழு. பாட்டு 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே', தினம் தினம் விசித்திரம் நடக்கிறது என்று பொருள். 1945இல் அது பில்போர்டு பத்திரிகையின் கறுப்பின இசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. அந்தப் பட்டியலுக்கு அப்போது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள் என்று பெயர், இசைக்கும் தனி வரிசை போட்ட காலம். ஒரு காஸ்பல் பாட்டு அங்கே ஏறியது அதுதான் முதல் முறை. கேட்டுப் பாருங்கள், பியானோ புகிவுகி என்ற வேகமான ப்ளூஸ் பாணியில் உருளுகிறது, கிதார் நடுவில் வெடுக்கென்று பாய்கிறது, எல்விஸ் பிரெஸ்லி முதல் தட்டு வெளியிட இன்னும் பத்து வருடம் இருக்கிறது. முதல் ராக் அண்ட் ரோல் தட்டு இதுதான் என்று வாதிடுபவர்கள் பலர். முதல் எது என்ற போட்டியில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை, ஒரு ஆறு எந்தத் துளியில் தொடங்கியது என்று யாரால் சொல்ல முடியும். ஆனால் ராக் அண்ட் ரோலின் பிறப்பைச் சொல்லும்போது நாலு ஆண்களின் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்களே, அது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம்.

ஏனென்றால் அந்த ஆண்களே இவரைச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட் அப்போது 14 வயதுப் பையனாக ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கத்தில் கோக் விற்றுக்கொண்டிருந்தார். 1947இல் ரொசெட்டா அங்கே கச்சேரிக்கு வந்தபோது இந்தப் பையன் அவர் பாட்டைப் பாடிக்காட்ட, அன்று மாலை மேடைக்கே கூப்பிட்டுப் பாடவிட்டு, கையில் பணமும் கொடுத்து அனுப்பினார். பாடகர் ஜானி கேஷ் ஆர்கன்சாவில் வளர்ந்தவர், 1992இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது பேசிய பேச்சில், சிறுவயதில் தனக்குப் பிடித்த பாடகி என்று இவர் பெயரைச் சொன்னார்.

1946இல் நியூயார்க்கில் மஹாலியா ஜாக்சன் என்ற காஸ்பல் பாடகியின் கச்சேரி ஒன்றில் மேரி நைட் என்ற இளம் பாடகியைக் கேட்டார் ரொசெட்டா. குரல் பிடித்துப்போய்த் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இரண்டு பெண்கள், பெண்கள் மட்டும், அந்தக் காலத்தில் தாங்களாகவே ஊர் ஊராகச் சுற்றினார்கள். 'அப் அபவ் மை ஹெட்' என்ற பாட்டில் இவர் ஒரு வரி, அவர் ஒரு வரி என்று மாறி மாறி வருவதைக் கேட்டால் மேலே நான் சொன்ன கேள்வி பதில் என்பதன் மிகச் சுத்தமான வடிவம் கிடைக்கும். வெளியே நிலைமை வேறு. தென் மாநிலங்களில் அரங்கு நிறையக் கூட்டம் சேர்த்தவருக்கு அந்த ஊர் ஹோட்டலில் அறை கிடையாது, உணவகத்தில் உட்கார இடம் கிடையாது, வண்டியிலேயே படுத்துத் தூங்க வேண்டும். ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் நால்வர் குழு சில காலம் இவரோடு பயணம் செய்தது, பின்னால் எல்விஸுக்குப் பின்பாட்டு பாடிய அதே குழு. அவர்கள் உணவகத்துக்குள் போய்ச் சாப்பாடு வாங்கிவந்து வண்டியில் இருந்த ரொசெட்டாவுக்குக் கொடுப்பார்களாம்.

1951 ஜூலை 3ஆம் தேதி நடந்த திருமணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானம். ரொசெட்டாவுக்கும் அவருடைய மேலாளர் ரஸல் மாரிசனுக்கும் கல்யாணம், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். மேரி நைட் மணப்பெண் தோழி. சடங்கு முடிந்ததும் கல்யாண உடையிலேயே கிதாரை மாட்டிக்கொண்டு கச்சேரி, அதற்கு மேல் வாணவேடிக்கை. டெக்கா நிறுவனம் திருமணத்தையே பதிவு செய்து தட்டாக வெளியிட்டது. கச்சேரி ஏற்பாட்டாளர்களின் வியாபார யோசனைதான் அது, சந்தேகமில்லை. ஆனால் பாப் நட்சத்திரங்கள் மைதானங்களை நிரப்பும் வழக்கம் வருவதற்குப் பல வருடங்கள் முன்னால், பருத்திக் காட்டு ஊரிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண் தன் பெயருக்காக ஒரு மைதானத்தை நிரப்பினார் என்பதும் அதே அளவு உண்மை.

அதற்குப் பிறகு சரிவு. 1950களின் ஆரம்பத்தில் ரொசெட்டாவும் மேரி நைட்டும் சில ப்ளூஸ் பாட்டுகள் பதிவு செய்யப் போக, சபை மக்கள் இன்னும் விலகினார்கள். அந்த இடத்தில் மஹாலியா ஜாக்சன் எழுந்து நின்றார். காஸ்பலைப் புரிந்துகொள்ள இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மஹாலியா நியூ ஆர்லியன்ஸில் பிறந்து சிகாகோவுக்கு வந்தவர், டார்சியோடு சேர்ந்து ஊர் ஊராகப் பாடியவர், 1947இல் வெளியான 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ப்ளூஸ் பாடச் சொல்லி எவ்வளவோ பணம் காட்டியும் மறுத்தார், இரவு விடுதிக்குப் போகமாட்டேன் என்றார், கடைசிவரை போகவில்லை. 1963இல் வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்கு முன்னால் பாடினார். காஸ்பலின் அரசி என்ற பட்டம் அவருக்குப் போனது, தகுதியான பட்டம்தான். பரிசுத்தத்துக்கும் உலகத்துக்கும் நடுவே சபை போட்ட கோட்டுக்கு உள்ளே நின்று அவ்வளவு உயரம் போனவர் அவர். கோட்டைத் தாண்டிப் போய், அந்தப் பக்கத்தில் ஒரு புதிய இசையே முளைக்கக் காரணமாக இருந்தவர் ரொசெட்டா, ஆனால் அந்த இசை பெரிதானபோது அவரைக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

கூப்பிட்டது இங்கிலாந்து. 1957இல் கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழு அவரைச் சுற்றுப்பயணத்துக்கு அழைத்தது. மின்சார கிதாரை அப்படி வாசிக்கும் ஒரு பெண்ணை அங்கே இருந்த இளைஞர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

1968இல் அம்மா இறந்தார். வாழ்நாள் முழுக்கக் கூட இருந்தவர், தானும் 1960இல் ஜாஸ் கலைஞர் டிஸி கில்லஸ்பியின் குழுவோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டு பாடி வெளியிட்டவர். 1970இல் ரொசெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது, சர்க்கரை நோயால் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. அப்போதும் பாடுவதை நிறுத்தவில்லை. 1973 அக்டோபர் 9ஆம் தேதி, ஒரு புதிய ஒலிப்பதிவுக்கு நாள் குறித்திருந்த நேரத்தில், பிலடெல்ஃபியாவில் இறந்தார். வயது 58. இறுதிச் சடங்குக்கு அவர் தலையை வாரி ஒப்பனை செய்தது மேரி நைட். நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள், பெயர் பொறித்த கல் ஒன்றுகூட வைக்கவில்லை. 2008 ஜனவரி 11ஆம் தேதி ரசிகர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டிய பிறகுதான் அந்தக் கல் வந்தது. பென்சில்வேனியா ஆளுநர் அந்த நாளை அவர் பெயரில் அறிவித்தார். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்தது 2018இல். அவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் உள்ளே போய் முப்பது வருடம் ஆகியிருந்தது.

சரி, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? முதலில் 1938 'ராக் மீ'. குரலையும் கிதாரையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க அதுதான் வசதி. அடுத்து 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ்', இரண்டிலும் நான்கிலும் கைதட்டிக்கொண்டே. மூன்றாவதாக மேரி நைட்டோடு பாடிய 'அப் அபவ் மை ஹெட்', அதைக் கேட்ட கையோடு முதல் பத்தியில் நான் சொன்ன தொலைக்காட்சிக் காட்சி. அதிலும் இதே பாட்டுதான், மேரி நைட்டுக்குப் பதில் அங்கி போட்ட குழு பதில் சொல்லும், அதற்கு மேல் அந்த வெள்ளைக் கிதார்.

கடைசியாக ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 1964 மே 7, மான்செஸ்டரில் வில்பிரகாம் ரோடு என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையம். கிரனாடா தொலைக்காட்சி அதை அமெரிக்கத் தென் மாநிலத்து நிலையம் மாதிரி அலங்கரித்து, ரசிகர்களை ரயிலிலேயே கூட்டிவந்து ஒரு பிளாட்பாரத்தில் உட்காரவைத்து, எதிர் பிளாட்பாரத்தில் மடி வாட்டர்ஸ் முதலான ப்ளூஸ் கலைஞர்களைப் பாடவைத்தது. அன்று மழை கொட்டியது. ரொசெட்டா குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், நல்ல கோட்டு, ஹை ஹீல்ஸ் செருப்பு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நனைந்த இளைஞர் கூட்டம். கிதாரை மாட்டிக்கொள்கிறார், ஈரமான பிளாட்பாரத்தில் நடந்து மைக்குக்கு வருகிறார். அவர் எடுத்த பாட்டு 'டிட்ன்ட் இட் ரெய்ன்', நோவா காலத்தில் பெய்த மழையைப் பற்றிய பழைய பாட்டு. எதிர் பிளாட்பாரத்தில் கைதட்டுகிறார்கள், அவர் கிதாரைப் பார்க்காமலே வாசிக்கிறார்.